ஒன்றரை ஷிப்ட்டுக்கு என்ன அர்த்தம்?

முதல்ல உங்களுக்கு ஒரு குட்டி டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது!

'நான் பொழுதோட வர்றேன்' என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போகிறாள். எத்தனை மணிக்கு வருவாள்?

'சீக்கிரமே, இருட்டுறதுக்குள்ள வந்துடுவா' என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் எங்க ஊர்ப்பக்கம் இல்லை. 'சாயங்காலம் வருவா' என்று சொன்னால்... வாங்க, உட்காருங்க, நீங்க நம்ம ஆளு! கொங்கு நாட்டில் பொழுதோட என்றால் சாயங்காலம். அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஒரே ஒரு வார்த்தையால் ஹாஸ்டலில் நான் பட்ட பாடு இருக்கிறதே! இன்ஜினீயரிங் சேர்ந்த முதல் வாரம். ரெக்கார்டு நோட்டு வாங்கக் கடைக்குப் போகணும். ரூம்மேட் சென்னைக்காரி. 'பொழுதோட போலாம்' என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு லைப்ரரிக்குப் போய்விட்டேன். அவள் மத்தியானம் இரண்டு மணிக்கே தலைசீவி, பையை மாட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நான் ஆறு மணிக்கு ஆடி அசைந்து வந்தேன். அன்றைக்கு விழுந்த திட்டில் எனக்குப் பல புதுச் சொற்கள் அறிமுகமாயின. அதையெல்லாம் இங்கே எழுத முடியாது!

அதோடு விட்டதா? சாப்பிட உட்காரும்போது 'வட்டல் எங்க?' என்று கேட்டேன். தட்டு என்று யாருக்கும் புரியவில்லை. வீட்டுக்கு 'ஒறம்பரை வந்திருக்காங்க' என்று போனில் பேசியதைக் கேட்டு, நாகர்கோவில்காரி பதறிப்போய், 'ஏதும் சீரியஸான வியாதியா?' என்றாள். சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் ரூமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரே வாரத்தில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'ஏனுங்க'!

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாகர்கோவில்காரி பேசும்போது நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் நான் ஒரு காரியம் செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக என் நாக்கைத் திருத்திக்கொண்டேன். 'ஊடு' வீடாச்சு. 'ஒட்டுக்கா' சேர்ந்து என்றாச்சு. 'ங்க' குறைந்தது. முதல் செமஸ்டர் முடிவதற்குள், டிவி காம்பியர் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டேன். அரியர் வைக்காமல் நான் முழுசாக க்ளியர் பண்ணின ஒரே பேப்பர் அதுதான்.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வாரத்தில் அந்த ஒருநாள்தான் லீவு. அந்த லீவில் விடிகாலை எழுந்து ஒப்புட்டு சுட்டு, டப்பாவில் அடுக்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ரூமில் எல்லோரையும் பார்த்து, 'வாங்க கண்ணு, எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்து தின்னுங்க. வட்டல் இருந்தா எடுத்தாங்க' என்றார்.

இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்: 'ம்மா, இங்க கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசேன்.'

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப்பிறகு ரூமில் யார் என்ன கேட்டாலும் சிரித்தார், தலையாட்டினார். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகச் சொன்னார்: 'சரி, சாயங்காலம் போன் பண்றேன்.'

பொழுதோட இல்லை. சாயங்காலம்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டேன். பஸ் போய்விட்டது.

* * *

சரி, இப்போ கொஞ்சம் ஃபார்வர்டு பண்ணிக்குவோம். இந்தப் பக்கங்களில் நான் மாணவ இன்டர்ன் ஆகச் சேர்ந்ததும் ஆபீஸில் முதல் அசைன்மென்ட்: 'உங்க ஊர்லேர்ந்து ஏதாவது எழுதுங்க. டாலர் சிட்டின்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க!' என்ன எழுதுவது? திருப்பூரில் வருஷா வருஷம் புத்தகத் திருவிழா நடக்கும். சப்ஜெக்ட் கிடைக்குமா என்று அங்கே போய்ச் சுற்றினேன். அகராதி வரிசையில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி.' தொகுத்தவர் பெருமாள்முருகன்.

நாவலாசிரியராக அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருச்செங்கோடு பக்கத்துக்காரர், அரசுக் கல்லூரிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். 2000-ம் ஆண்டிலேயே இந்த அகராதியைக் கொண்டுவந்துவிட்டார். அதாவது, நான் பிறப்பதற்கு முன்னாடியே! நின்ற இடத்திலேயே புரட்டினேன். எங்க வீட்டில், எங்க வீதியில் புழங்குகிற பேச்சு அச்சில், அகர வரிசையில், நேராக நின்றுகொண்டிருந்தது. ஹாஸ்டலில் நான் ஒளித்து வைத்த பேச்சை ஒரு தமிழ் வாத்தியார் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எழுதி, அர்த்தம் போட்டு, புத்தகமாக்கியிருக்கிறார்!

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அகராதிப் பைத்தியம். லைப்ரரியில் டேட்டா ஸ்ட்ரக்சர் புத்தகம் எடுக்கப்போனவள், அகராதி அலமாரி பக்கமே குடியிருந்தேன். ('அகராதி பிடிச்சவ' என்று ரூம்மேட் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்!)

படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. ஒரு சொல் அகராதிக்குள் வருவது அந்தச் சொல்லின் தகுதியைப் பொறுத்தது மட்டும் இல்லை. தொகுத்தவர் யாரிடம் போய்க் கேட்டார் என்பதைப் பொறுத்தது.

அந்தக் காலத்தில் நம்மிடம் அகராதி கிடையாது, நிகண்டுதான். திவாகரம், பிங்கலம் மாதிரி. செய்யுளாக இருக்கும், மனப்பாடம் பண்ணணும். இலக்கியம் படிப்பவர்களுக்கானது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-ல் 'சதுரகராதி' எழுதி, சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். மனப்பாடம் பண்ணாமலே தேடிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் கவனிக்க: சார்ட்டிங் பண்ணினால்தான் சர்ச்சிங் ஈஸி!

1862-ல் மிரன் வின்ஸ்லோ கொண்டுவந்த தமிழ் - ஆங்கில அகராதியில் சுமார் 67,000 சொற்கள். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ் லெக்சிகன்'. 1913-ல் வேலை தொடங்கியது, 1924-ல் முதல் பகுதி வந்தது, ஆறாவது தொகுதி முடிய 1936 ஆகிவிட்டது. முதலில் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார் ஆசிரியராக இருந்தார், கடைசிப் பத்து வருஷம் எஸ்.வையாபுரிப்பிள்ளை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். கூகுள் இல்லை, எக்செல் இல்லை, கன்ட்ரோல் எஃப் இல்லை. எல்லாமே மனுஷக் கண்ணும் கையும்தான். நான்கு வருஷ டிகிரிக்கே நாம் என்ன அலுத்துக்கொள்கிறோம்!

பேச்சுத் தமிழுக்கு இந்த மாதிரி தனி மரியாதை கிடைக்க இன்னும் கொஞ்ச காலம் ஆனது. கோவில்பட்டி பக்கம் இடைசெவலைச் சேர்ந்த கி.ராஜநாராயணன், 1982-ல் கரிசல் வட்டாரத்துப் பேச்சுக்கு ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார். வட்டார வழக்குக்கென்று தமிழில் வந்த முன்னோடி அகராதி அது. அவர் பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத விவசாயி. பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. 2021-ல் மறைந்தார். அவர் போட்டுக்கொடுத்த தடத்தில்தான் கொங்குக்கும் ஒரு அகராதி வந்து சேர்ந்தது.

இன்னொரு பக்கம், க்ரியா ராமகிருஷ்ணன். இன்றைய எழுத்தில் தமிழ் எப்படிப் புழங்குகிறது என்று பார்த்துப் பார்த்து 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யை 1992-ல் கொண்டுவந்தார். 2008-ல் திருத்திய பதிப்பு. 2020-ல் மூன்றாவது பதிப்பு. அதே 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்த அகராதியில் எனக்குப் பிடித்த விஷயம், அர்த்தம் மட்டும் சொல்லிவிட்டு நகர மாட்டார்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் இருக்கும். பேச்சு வழக்கு, இலங்கை வழக்கு என்று அடையாளம் இருக்கும். அதில் ஒரு அடையாளம் என்னைக் கொஞ்சநேரம் நிறுத்தி வைத்தது: 'அருகிவரும் வழக்கு.' அதாவது, இன்னும் சாகவில்லை, ஆனால் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

பொழுதோட என்பதிலிருந்து ஒரு ஆளைக் குறைத்தது நான்தான். இல்லை, அம்மாவையும் சேர்த்தால் இரண்டு.

* * *

கொங்கு அகராதியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். கம்பெனி விட்டு வந்து, அலுப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு பக்கமாக வாசிக்க வாசிக்க, முதலில் சிரித்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் என்னைத் திருத்தவே ஆரம்பித்துவிட்டார். 'எங்கூர்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க கண்ணு. அதுக்கு வேற பேரு. உங்க அம்மிச்சி சொல்லும்.' உடனே அம்மிச்சிக்குப் போன். ஸ்பீக்கர் போட்டு, ராத்திரி பத்தரை வரை ஒரே கலாட்டா!

போனை வைத்த பிறகு அம்மா கேட்டார்: 'இதையெல்லாமா உக்காந்து எழுதுவாங்க?'

'ஆமாம்மா. அதுதான் அவங்க வேலை.'

கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த கேள்வி. 'அப்ப எங்க கம்பெனி வார்த்தையெல்லாம்?'

எனக்குப் பதில் தெரியவில்லை. இட்டேரிக்கும் தொண்டுப்பட்டிக்கும் அகராதி போட ஆள் கிடைத்துவிட்டார்கள். ஆனால் என் அம்மா அந்தக் காட்டை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. காலை எட்டரையிலிருந்து ராத்திரி வரை அவர் புழங்குகிற மொழி வேறு. அது முழு ஆங்கிலமும் இல்லை, முழுத் தமிழும் இல்லை. திருப்பூர் தன் கையால் தைத்துக்கொண்ட மொழி.

அன்றைக்கு ராத்திரி நான் படித்திருந்த ஒரு கதையை அம்மாவிடம் சொன்னேன். ஜேம்ஸ் மரே என்று ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர். பதினாலு வயதில் பள்ளியை விட்டவர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு 1879-ல் ஆசிரியரானார். வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடம் அடித்து, உட்கார்ந்துவிட்டார். 'நீங்க படிக்கிற புத்தகத்துல வர்ற வார்த்தையை, அந்த வாக்கியத்தோட ஒரு துண்டுச்சீட்டுல எழுதி எனக்கு அனுப்புங்க' என்று பொதுஜனத்திடம் கேட்டார். சீட்டு லட்சக்கணக்கில் வந்தது. அவர் வீட்டு வாசலிலேயே தபால்காரர்கள் ஒரு தபால்பெட்டி வைக்கவேண்டியதாகிவிட்டது. 1928-ல் அகராதி முடிந்தபோது மரே உயிரோடு இல்லை. 1915-லேயே போய்விட்டார்.

'துண்டுச்சீட்டா?' என்றார் அம்மா. எழுந்துபோய், கம்பெனியில் கொடுத்த தினசரிக் காலண்டரில் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தாள்களை எடுத்துவந்தார். பின்பக்கம் வெள்ளை. (அம்மா எதையும் தூக்கிப்போடவே மாட்டார். மளிகைக் கணக்கு எழுத ஆகுமாம்.) போட்டு வைக்க ஒரு காலி பனியன் டப்பாவும் கிடைத்தது.

அப்படித்தான் எங்க அகராதி ஆபீஸ் திறப்பு விழா நடந்தது!

ரூல் ரொம்ப சிம்பிள். ஒரு சீட்டுக்கு ஒரு சொல். என்ன அர்த்தம், யார் சொன்னது, எந்த வேலையில் புழங்குவது, அதை வைத்து அம்மா வாயால் ஒரு வாக்கியம். முதல் சீட்டு எது தெரியுமா? 'பனியன்.' வேறென்ன!

இந்தச் சொல்லே ஒரு பெரிய டூர் போய்விட்டு வந்தது. குஜராத்தி வியாபாரிகளை 'வாணியா' என்பார்கள். நம்ம 'வணிகர்' குடும்பத்துச் சொல்தான். அது வெளிநாட்டு வியாபாரிகள் வாயில் விழுந்து 'பனியன்' ஆனது. அந்த வியாபாரிகள் போட்ட மாதிரி லூசான மேல்சட்டைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் உள்சட்டைக்கு வந்தது. 1886-ல் யூல், பர்னல் என்ற இரண்டு பேர் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் இந்த ஊர்வலம் இருக்கிறது. வியாபாரியின் பெயர் துணிக்குப் போய், அந்தத் துணி ஒரு ஊரையே வியாபாரி ஆக்கியிருக்கிறது!

அடுத்து 'காஜா'. பட்டன் போடுகிற துளை. போர்ச்சுகீசிய மொழியில் 'காஸா' என்றால் வீடு. பட்டன் துளைக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். இந்தியில் 'காஜ்' அங்கிருந்து வந்தது என்கிறார்கள். நம்ம காஜாவும் அதே குடும்பம்தான் போலிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். 'பட்டனுக்கு ஊடா? அட! சரியாத்தான் பேரு வெச்சிருக்கானுங்க' என்றார். (கவனிச்சீங்களா? 'ஊடு' திரும்பி வந்துவிட்டது!)

'சிங்கர்.' 1851-ல் அமெரிக்காவில் தொடங்கிய தையல் மெஷின் கம்பெனியின் பெயர். எங்க ஊரில் அது ஒரு பிராண்டு இல்லை, ஒரு ஜாதி மெஷின். மெஷினில் வேற கம்பெனி பெயர் எழுதியிருந்தாலும் அதில் தைப்பவர் சிங்கர் டெய்லர்தான். 'பேட்லாக்.' ஆங்கிலத்தில் ஃப்ளாட்லாக். சுவரில் ஒட்டுகிற 'ஆட்கள் தேவை' நோட்டீஸ்களில் நான் பார்த்தவரை பேட்லாக்தான். ஸ்பெல்லிங் மிஸ்டேக் என்று நான் சொன்னேன். 'அந்த ஸ்பெல்லிங்லதான் ஆள் வர்றாங்க' என்றார் அம்மா. அகராதிக்காரர்கள் வருஷக்கணக்கில் விவாதிக்கிற ஒரு விஷயத்தை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது அகராதியின் வேலையா, எது புழங்குகிறது என்று பதிவு செய்வதா?

'கைமடி', 'பிசிறு', 'செகண்ட்ஸ்', 'பேட்டா'... டப்பா நிறைய ஆரம்பித்தது. தைப்பதற்குத் தோதாகத் துணியை மடித்துக்கொடுப்பது கைமடி. அம்மா கம்பெனிக்குள் முதலில் போனது அந்த வேலைக்குத்தான். தைத்து முடித்ததும் நீட்டிக்கொண்டிருக்கிற நூல்தான் பிசிறு. பக்கத்தில் உட்கார்ந்து அதை வெட்டுகிற பிகார் பெண்ணுக்குத் தமிழில் முதலில் பழகிய சொற்களில் அதுவும் ஒன்றாம். அவளிடமிருந்து அம்மாவுக்கு வந்தது 'ஜல்தி'. அதற்கும் ஒரு சீட்டுப் போடச் சொன்னார். 'அது இந்தி வார்த்தைம்மா' என்றேன். 'நானும் சொல்றேன்ல. அப்ப எழுது.' எழுதினேன்!

சும்மா இல்லாமல், நான் இன்ஜினீயரிங் மூளையைக் கொண்டுவந்தேன். எதற்குக் கையால் எழுதணும்? போனில் வாய்ஸ் டைப்பிங் போட்டு அம்மாவைப் பேசச் சொன்னேன். அம்மா பேசியது ஒன்று, திரையில் விழுந்தது வேறொன்று. கைமடி இரண்டாக உடைந்து, கையும் மடியுமாகக் கிடந்தது. அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: 'இதுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலையாட்ட இருக்குது.' கரெக்ட். மெஷின் லேர்னிங் கிளாஸில் எங்களுக்கு முதல் நாள் சொன்னதும் அதுதான். மெஷினுக்குக் கொடுக்காத எதுவும் மெஷினுக்குத் தெரியாது.

* * *

எல்லாம் ஜாலியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'ஒன்றரை ஷிப்ட்' வரும்வரை.

எனக்கு இது ஈஸியான சொல். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். ஒன்றரை என்றால் பன்னிரண்டு. அம்மாவைக் கேட்காமலே எழுதிவிட்டேன்: 'ஒன்றரை ஷிப்ட் - பன்னிரண்டு மணி நேர வேலை. அதற்கேற்ற கூலி.' அழகான டெஃபனிஷன். இரண்டு மார்க் கேள்விக்கு முழு மார்க்.

'வாக்கியம் சொல்லும்மா' என்றேன்.

அம்மா பிசிறு வெட்டுகிற மாதிரியே நிதானமாகச் சொன்னார்: 'ஒன்றரை ஷிப்ட் ஓடுனா, நான் வர்றப்ப நீ தூங்கியிருப்ப.'

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆர்டர் அவசரம் என்றால் வாரம் பூராவும் ஒன்றரை ஷிப்ட் ஓடும். கம்பெனி விட்டு, பஸ் பிடித்து, அம்மா வீடு சேர மணி பத்தாகிவிடும். பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நான் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு தூங்கியிருப்பேன். காலையில் எழுந்தால் டிபன் டப்பா ரெடியாக இருக்கும், அம்மா கிளம்பிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை சம்பளக் கவர் வரும். அந்த அரை ஷிப்ட் பணம் தனியாக ஒரு டப்பாவுக்குள் போகும். அது என் ஃபீஸ். எனக்கு அது எப்பவோ தெரியும். ஆனால் அதை நான் ஒருநாளும் ஒரு சொல்லின் அர்த்தமாகப் பார்த்ததில்லை.

என் டெஃபனிஷனில் தப்பு இல்லை. மணிக்கணக்கும் சரி, கூலிக்கணக்கும் சரி. ஆனால் அம்மாவின் வாக்கியம் இல்லாமல் அந்தச் சீட்டை டப்பாவுக்குள் போட்டிருந்தால், யாரோ ஒருவர் பிற்காலத்தில் அதை எடுத்துப் படித்து, 'ஓ, பன்னிரண்டு மணி நேரம்' என்று அடுத்த சீட்டுக்குப் போயிருப்பார். க்ரியா அகராதியில் அர்த்தத்துக்குக் கீழே எதற்கு வாக்கியம் போட்டார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கேட்டு எழுதுவதற்கும், நாமே தெரிந்த மாதிரி எழுதிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசமும்.

மரே கதையில் நான் அம்மாவிடம் சொல்லாமல் விட்ட ஒரு துண்டு இருந்தது. அத்தனை லட்சம் சீட்டில் ஒரு சொல்லின் சீட்டு தொலைந்துபோய்விட்டது. 1888-ல் முதல் தொகுதி வந்தபோது அந்தச் சொல் அதில் இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 1933-ல் வந்த இணைப்பில்தான் அது இடம்பிடித்தது. எந்தச் சொல் தெரியுமா? 'பாண்ட்மெய்டு'. அடிமைப்பெண் என்று அர்த்தம்.

வேணும் என்று யாரும் விடவில்லை. ஒரு சீட்டு தவறிப்போனது, அவ்வளவுதான். ஆனால் நான் வராந்தாவில் அம்மாவிடம் 'நல்ல தமிழ்ல பேசு' என்று சொன்னது தவறிப்போனது இல்லை. தெரிந்தே எடுத்துக் கிழித்தது.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். 'ம்மா, அன்னிக்கு ஹாஸ்டல்ல நான் அப்படிச் சொன்னேன்ல...'

'எப்ப?' என்றார். அவருக்கு ஞாபகம் இல்லாத மாதிரி. அப்புறம் டப்பாவை மூடியபடியே, 'உன்ர சிநேகிதப் புள்ளைங்க முன்னால உனக்குச் சங்கட்டமா இருந்திருக்கும். அதான் நான் பேசல' என்றார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம்.

'இனிமே பேசும்மா' என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நாலாயிரம் வரி கோடு எழுதுகிறவளுக்கு ஒரு மன்னிப்பு எழுத வரவில்லை!

* * *

இப்போது டப்பாவில் 214 சீட்டு இருக்கிறது. இது அகராதி இல்லை, அகராதிக்கான சரக்கு மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். சரிபார்க்கணும், ஒரே சொல்லுக்கு நாலு கம்பெனியில் நாலு அர்த்தம் இருந்தால் பிரிக்கணும், தெரிந்தவர்களிடம் காட்டித் திட்டு வாங்கணும். கி.ரா.வும் பெருமாள்முருகனும் செய்த வேலைக்கு முன்னால் இது ஒரு காலண்டர் தாள்தான். இருக்கட்டும்.

ஹாஸ்டலிலும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். நாகர்கோவில்காரி தினமும் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். சென்னைக்காரிக்குத்தான் பொறாமை. 'எங்க ஏரியா பாஷைக்கும் சீட்டுப் போடுடி, ஏனுங்க!' என்று சண்டைக்கு வருகிறாள். போட்டுவிட்டேன். அவள் முதல் நாள் என்னைத் திட்டிய திட்டு எல்லாம் அதில் பத்திரமாக இருக்கிறது!

இப்போ உங்க முறை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு 'கம்யூனிகேஷன் ஸ்கில்' ஏற்றிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. நானும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்காக வீட்டுப் பேச்சை இறக்கி வைக்கவேண்டியதில்லை. உங்கப்பா கொத்தனாரா? தறி ஓட்டுகிறாரா? கடலுக்குப் போகிறாரா? லாரி ஓட்டுகிறாரா? அவர் தினமும் சொல்கிற பத்து வார்த்தை உங்களுக்குத் தெரியுமா? இந்த வாரம் வீட்டுக்குப் போன் போடும்போது 'சாப்பிட்டியா', 'பணம் அனுப்பு' இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வாக்கியமும் கேளுங்கள். வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடமிருந்து போன். டீ டைம். பின்னாடி மெஷின் சத்தம்.

'கண்ணு, புதுசா ஒரு வார்த்தை சிக்கியிருக்குது. அயர்னிங் பண்ற பையன் சொன்னான்.'

'என்ன வார்த்தைம்மா? சொல்லு, சொல்லு!'

'இப்ப நேரமில்ல, பெல் அடிச்சுட்டாங்க. பொழுதோட கூப்புடறேன்.'